உயரமா, பரப்பா? – நிகழ்வுச் செவ்வகப்படமும் பொது நிரலகமும்

பெங்களூரு மாநகரின் வடமேற்குப் பகுதியில் உள்ள மல்லேஸ்வரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்பாகும். சம்பிகே சாலையும் மார்கோசா சாலையும் நீளவாக்கில் செல்ல, அவற்றை வெட்டிச் செல்லும் குறுக்குத் தெருக்கள் எண்களாலேயே அழைக்கப்படுகின்றன. எட்டாவது கிராஸ், பதினைந்தாவது கிராஸ், பதினெட்டாவது கிராஸ் என்று சொன்னால் போதும். ஊர் அறிந்தவர் இடத்தைப் புரிந்துகொள்வார். ஒரு வீடு எந்த இரு கிராஸ்களுக்கு இடையில் உள்ளது என்பதே அதன் முகவரியின் பெரும்பகுதி.

புள்ளியியலில் ஒரு பெருந்திரளான எண்களைப் படமாக்கும்போது நாம் செய்வதும் இதுவே. ஒவ்வோர் எண்ணும் எந்த இரு எல்லைகளுக்கு இடையே விழுகிறது என்று பார்த்து, பிரிவுபிரிவாக எண்ணி, ஒவ்வொரு பிரிவின் மேலும் ஒரு செவ்வகத்தை எழுப்புகிறோம். ஹிஸ்டோகிராம் என்று உலகெங்கும் வழங்கும் இப்படத்தைத் தமிழ்ப் பாடநூல்கள் நிகழ்வுச் செவ்வகம் எனக் குறிப்பிடுகின்றன. ஹிஸ்டோகிராம் என்னும் சொல்லை ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் 1890களில் வழக்கிற்குக் கொண்டுவந்தார்.

இன்று இப்படத்தைக் கையால் வரைபவர் மிகச் சிலரே. மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள, 1909இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு மாணவரானாலும், மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் பணிபுரியும் அலுவலரானாலும், கணினியில் ஒரு வரிக் கட்டளை கொடுத்துப் படத்தைப் பெற்றுவிடுகிறார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பிறர் எழுதிய நூற்றுக்கணக்கான வரிகள் உள்ளன. அவற்றில் ஒன்று தவறாக இருப்பின், அதைப் பயன்படுத்தும் அனைவருடைய படங்களும் ஒரே விதமாகத் தவறும். அத்தகைய தவறுகள் உண்மையில் நேர்ந்திருக்கின்றன. பயன்படுத்துவோரே அவற்றைக் கண்டறிந்து திருத்தியும் இருக்கின்றனர். அத்திருத்தங்கள் சிலவற்றைச் சான்றாகக் கொண்டு, நிகழ்வுச் செவ்வகத்தைச் சரியாக வரையும் முறையையும், பொது நிரலகம் ஒன்றுக்கு ஒரு மாணவரோ அலுவலரோ பங்களிக்கும் வழியையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொது நிரலகம் என்பது யாது?

கணினி மொழி ஒன்றில் எழுதப்பட்டு, பிறர் தம் நிரல்களில் எடுத்தாளத்தக்கவாறு தொகுக்கப்பட்ட கட்டளைத் தொகுதியை நிரலகம் எனலாம். அதன் மூல நிரல் யாவரும் படிக்கவும், மாற்றவும், பிறருக்கு வழங்கவும் உரிமையளிக்கும் வகையில் வெளியிடப்படுமானால் அது திறந்தமூல நிரலகம் ஆகிறது.

பைத்தான் மொழியில் படம் வரைவதற்கு மிகப் பரவலாகப் பயன்படும் மேட்பிளாட்லிப் என்னும் நிரலகத்தை ஜான் ஹன்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கினார். நரம்பியல் துறையில் வலிப்பு நோய் பற்றிய ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், மூளையின் மின்பதிவுகளைப் படமாக்கத் தமக்குத் தேவைப்பட்ட கருவியைத் தாமே எழுதத் தொடங்கினார். 2003இல் அது பொதுவில் வெளியாயிற்று. 2012இல் அவர் மறைந்த பின்னரும், பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்களால் அது வளர்க்கப்பட்டு வருகிறது. படத்தை வரைவது மேட்பிளாட்லிப். பிரிவுகளில் விழும் எண்களைக் கணக்கிட்டுத் தருவது நம்பை என்னும் மற்றொரு நிரலகம். நம்பையின் முதற்பதிப்பு 2006இல் வெளிவந்தது. இவ்விரண்டும் இணைந்தே நிகழ்வுச் செவ்வகத்தை நமக்கு அளிக்கின்றன.

முதற்பாடம்: செவ்வகத்தின் பரப்பே எண்ணிக்கை

பட்டை விளக்கப்படத்திற்கும் நிகழ்வுச் செவ்வகத்திற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் முதலில் தெளிவாக உணர வேண்டும். பட்டை விளக்கப்படத்தில் பட்டையின் உயரம் அளவைக் காட்டுகிறது. அகலத்திற்குப் பொருள் இல்லை. நிகழ்வுச் செவ்வகத்தில் கிடையச்சு ஓர் அளவுகோல். எனவே செவ்வகத்தின் அகலம் பிரிவின் நீளத்தைக் குறிக்கிறது. எண்ணிக்கையைக் காட்டுவது செவ்வகத்தின் பரப்பாகும். பிரிவுகள் யாவும் ஒரே நீளமுடையனவாயின் உயரமும் பரப்பும் ஒரே விகிதத்தில் அமையும், வேறுபாடு தென்படாது. பிரிவுகள் சமமற்றனவாயின், உயரத்தையே எண்ணிக்கையாகக் கொள்வது பெரும்பிழையில் முடியும்.

நம் நாட்டு அரசுப் புள்ளிவிவரங்களில் சமமற்ற பிரிவுகள் அரியன அல்ல. வேளாண் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். 1970-71 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை என்னும் திட்டத்தில் நடைபெற்றுவரும் இக்கணக்கெடுப்பு, சாகுபடிக் கைப்பற்றுகளை ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறைந்தவை குறு கைப்பற்றுகள். 1 முதல் 2 ஹெக்டேர் வரை சிறு கைப்பற்றுகள். 2 முதல் 4 வரை அரை நடுத்தரம். 4 முதல் 10 வரை நடுத்தரம். 10 ஹெக்டேரும் அதற்கு மேற்பட்டவையும் பெருங்கைப்பற்றுகள். ஆகவே முதல் இரு பிரிவுகளின் அகலம் 1 ஹெக்டேர். மூன்றாவதன் அகலம் 2. நான்காவதன் அகலம் 6. ஐந்தாவதற்கு மேலெல்லையே இல்லை.

2015-16ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த கைப்பற்றுகள் சுமார் 14.65 கோடி. ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர். கைப்பற்றுகளின் எண்ணிக்கையில் ஒவ்வொரு வகையின் பங்கு பின்வருமாறு:

குறு – 68.45 விழுக்காடு
சிறு – 17.62 விழுக்காடு
அரை நடுத்தரம் – 9.55 விழுக்காடு
நடுத்தரம் – 3.80 விழுக்காடு
பெரும் – 0.57 விழுக்காடு

இவற்றை நிகழ்வுச் செவ்வகமாக வரைய, ஒவ்வொரு பங்கையும் அப்பிரிவின் அகலத்தால் வகுத்து உயரத்தைக் காண வேண்டும். குறு கைப்பற்றுகளின் உயரம் ஹெக்டேருக்கு 68.45, சிறு 17.62, அரை நடுத்தரம் 9.55ஐ 2ஆல் வகுக்க 4.78, நடுத்தரம் 3.80ஐ 6ஆல் வகுக்க 0.63. மேலெல்லை இல்லாத இறுதிப் பிரிவுக்கு உயரம் காண இயலாது. அதனைப் படத்திற்கு அருகில் குறிப்பாகத் தருவதே முறை. இவ்வாறு வரைந்த படத்தில் இடப்பக்கத்தில் ஒரு நெடிய தூணும், வலப்பக்கம் செல்லச்செல்லத் தரையோடு தரையாகப் படியும் சரிவும் காணப்படும். இந்திய வேளாண்மையின் நிலை அதுவே.

ஒரு கட்டளையின் பிழை

நம்பை நிரலகத்தில், படத்தின் மொத்தப் பரப்பு 1 ஆகுமாறு உயரங்களைச் சீராக்குவதற்கு ‘நார்ம்டு’ என்னும் விருப்பத்தேர்வு தொடக்க காலத்தில் இருந்தது. பிரிவுகள் சமமாக இருந்தவரை அது சரியான விடையையே தந்தது. சமமற்ற பிரிவுகளில், ஒவ்வோர் எண்ணிக்கையையும் அதனதன் அகலத்தால் வகுக்க வேண்டிய இடத்தில், எல்லா எண்ணிக்கைகளையும் ஒரே பொது எண்ணால் அது வகுத்தது. மொத்தப் பரப்பு 1 என்றே வந்தது. ஆனால் அப்பரப்பு பிரிவுகளிடையே பங்கிடப்பட்ட விதம் தவறாக இருந்தது.

இதன் விளைவை மேற்கண்ட கைப்பற்று விவரங்களைக் கொண்டே கணக்கிடலாம். எல்லையுள்ள நான்கு பிரிவுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கையை அகலத்தால் பெருக்கினால் முறையே 68.45, 17.62, 19.10, 22.80 எனக் கிடைக்கும்; கூட்டுத்தொகை 127.97. பழைய முறைப்படி, படத்தில் குறு கைப்பற்றுகள் பெறும் பரப்பு 53.5 விழுக்காடு, சிறு 13.8, அரை நடுத்தரம் 14.9, நடுத்தரம் 17.8. இந்நான்கு பிரிவுகளின் உண்மையான பங்குகளோ முறையே 68.8, 17.7, 9.6, 3.8 விழுக்காடு ஆகும்.

பிழையான படத்தைக் காணும் ஒருவர், 4 முதல் 10 ஹெக்டேர் வரை நிலம் வைத்திருப்போர் சிறு விவசாயிகளைவிட அதிகம் என்று எண்ணுவார். நூற்றுக்கு நான்குக்கும் குறைவானவர்கள் ஏறத்தாழ பதினெட்டுப் பேராகத் தோற்றமளிப்பார்கள். கடன் வசதி, பாசனக் கருவிகள், பயிர்க் காப்பீடு ஆகியவற்றை யாருக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் இப்படம் திரையில் காட்டப்படுமானால், அது எத்தகைய கருத்தைத் தோற்றுவிக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அட்டவணையிலுள்ள எண்கள் சரியாகவே இருக்கும். கண் நம்புவது படத்தையே.

2011இல் வெளிவந்த நம்பையின் 1.6 பதிப்பில், ஒவ்வொரு பிரிவையும் அதன் அகலத்தால் வகுத்துச் சரியான அடர்த்தியைத் தரும் ‘டென்சிட்டி’ என்னும் புதிய விருப்பத்தேர்வு சேர்க்கப்பட்டது. பழைய விருப்பத்தேர்வு குழப்பமும் பிழையும் உடையது என்று ஆவணத்திலேயே வெளிப்படையாக எழுதப்பட்டது. எனினும் அதனை உடனே நீக்கிவிடவில்லை. உலகெங்கும் எழுதப்பட்டிருந்த நிரல்கள் ஒரே நாளில் நின்றுபோகக் கூடாது என்பதே அதற்குக் காரணம். மேட்பிளாட்லிப்பும் தன் பங்கிற்கு 2017இல் ‘நார்ம்டு’ என்னும் சொல்லை விலக்கப்போவதாக அறிவித்து, 2019இல் நீக்கியது. நம்பையிலிருந்து அது முற்றிலும் நீக்கப்பட்டது 2022இன் இறுதியிலேயாகும். பிழையை அறிவித்த நாளிலிருந்து அதன் பெயரும் மறையும் நாள்வரை பதினோராண்டுகள் சென்றன. பொதுப்பணியில் இருப்போருக்கு இந்நிதானம் புதிதன்று. நடைமுறையிலுள்ள ஒரு விதியை மாற்றும்போது, அதனை நம்பி இருப்போருக்கு முன்னறிவிப்பும் கால அவகாசமும் அளிப்பது அரசுக்கும் உரிய நெறியே.

இரண்டாம் பாடம்: மூலைவீடு எத்தெருவைச் சேர்ந்தது?

மல்லேஸ்வரத்தில் இரு தெருக்கள் சந்திக்கும் மூலையில் நிற்கும் வீட்டை எத்தெருக் கணக்கில் சேர்ப்பது என்ற ஐயம் கணக்கெடுப்பாளருக்கு எழலாம். ஒரு விதியை வகுத்துக்கொண்டு எல்லா மூலைகளிலும் அதையே பின்பற்றினால் குழப்பம் இல்லை. பிரிவின் எல்லையிலேயே விழும் எண்ணுக்கும் அத்தகைய விதி தேவை.

நம்பை பின்பற்றும் விதி இது: ஒவ்வொரு பிரிவும் தன் இட எல்லையைச் சேர்த்துக்கொள்ளும், வல எல்லையை விட்டுவிடும், கடைசிப் பிரிவு மட்டும் இரு எல்லைகளையும் சேர்த்துக்கொள்ளும். புள்ளியியலாளர் பெரிதும் பயன்படுத்தும் ஆர் மொழி, வேறு கட்டளை இல்லாதபோது, இதற்கு நேர்மாறாக வல எல்லையைச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டும் தம்மளவில் சரியானவையே. ஆயினும் ஒரே விவரத்திற்கு இரு வேறு படங்கள் கிடைக்கக்கூடும்.

பாடத்திற்காக நாமே அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு தெருவில் 20 குடும்பங்கள் உள்ளன. ஒருவர் மட்டும் உள்ள குடும்பம் 1. இருவர் உள்ளவை 3. மூவர் உள்ளவை 4. நால்வர் உள்ளவை 7. ஐவர் உள்ளவை 3. அறுவர் உள்ளவை 2. பிரிவு எல்லைகளை 0, 2, 4, 6 என வைத்துக்கொண்டால், நம்பை தரும் எண்ணிக்கை 1, 7, 12. ஆர் மொழி தருவது 4, 11, 5. முதற்படம் இத்தெருவில் பெரிய குடும்பங்களே மிகுதி என்கிறது. இரண்டாம் படம் நடுத்தரக் குடும்பங்களே மிகுதி என்கிறது. ஒரே இருபது குடும்பங்கள்தாம்.

இதற்குத் தீர்வு எளிது. முழு எண்களாக மட்டும் அமையும் விவரங்களுக்கு எல்லைகளை அரை எண்களில் வைக்க வேண்டும். 0.5, 2.5, 4.5, 6.5 என எல்லைகளை வகுத்தால் எந்தக் குடும்பமும் எல்லையில் விழாது; இரு கருவிகளும் 4, 11, 5 என்றே கூறும். கருவியின் விதியை அறியாமல் எல்லைகளை வகுப்பவர், விடையைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறார் என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாம் பாடம்: எத்தனை பிரிவுகள்?

பிரிவுகள் மிகக் குறைவாயின் நுணுக்கங்கள் மறைந்துபோகும். மிக அதிகமாயின் தற்செயலான ஏற்ற இறக்கங்களே படத்தை நிரப்பிவிடும். பயன்படுத்துவோர் எதுவும் குறிப்பிடாவிட்டால் மேட்பிளாட்லிப் 10 பிரிவுகளை எடுத்துக்கொள்கிறது. பத்து என்னும் எண்ணுக்கு வசதியைத் தவிர வேறு காரணம் இல்லை.

அறிஞர்கள் இதற்குச் சில வாய்பாடுகளை வகுத்துள்ளனர். 1926இல் ஸ்டர்ஜஸ் கூறியபடி, விவரங்களின் எண்ணிக்கையை 2இன் அடுக்காகக் கண்டு அவ்வடுக்குடன் 1ஐக் கூட்ட வேண்டும். ஆயிரம் விவரங்களுக்கு ஏறத்தாழ 11 பிரிவுகளும், ஒரு லட்சத்திற்கு 18 பிரிவுகளும் இதன்படி கிடைக்கும். பெருந்திரளான விவரங்களுக்கு இது போதாது எனக் கண்டு, 1979இல் ஸ்காட்டும், 1981இல் ஃப்ரீட்மன், டயகோனிஸ் ஆகிய இருவரும் பிரிவின் அகலத்தை நேரடியாகக் காணும் வாய்பாடுகளை அளித்தனர். பின்னவர் முறையில், விவரங்களின் நடுப்பாதி பரவியிருக்கும் தூரத்தை இரு மடங்காக்கி, விவர எண்ணிக்கையின் கனமூலத்தால் வகுக்க வேண்டும். இவ்வாய்பாடுகளைத் தானே கையாளும் வசதி நம்பையில் பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

வாய்பாடும் தவறக்கூடிய இடம் உண்டு. பத்து லட்சம் பேரின் வயதை முழு ஆண்டுகளில் பதிவு செய்துள்ளோம் என்றும், நடுப்பாதியினர் 30 ஆண்டு இடைவெளியில் பரவியுள்ளனர் என்றும் கொள்வோம். பத்து லட்சத்தின் கனமூலம் 100. எனவே பிரிவின் அகலம் 60ஐ 100ஆல் வகுக்க 0.6 ஆண்டு. வயதுகளோ முழு எண்களில் மட்டுமே உள்ளன. ஆகவே சில பிரிவுகளுக்குள் எந்த முழு எண்ணும் விழாமல் அவை வெறுமையாக நிற்கும். படம் பல்லிழந்த சீப்பைப் போலத் தோன்றும். 2024இல் வெளிவந்த நம்பை பதிப்பில் இக்குறை நீக்கப்பட்டது: முழு எண் விவரங்களுக்கு வாய்பாடு வழியே காணும் பிரிவின் அகலம் 1க்குக் குறையாதவாறு திருத்தம் செய்யப்பட்டது.

இத்திருத்தம் நம் நாட்டிற்கு ஏன் முக்கியமானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயதைத் துல்லியமாக அறியாதவர் பலர் 30, 35, 40 என 0இலும் 5இலும் முடியும் எண்களையே கூறுகின்றனர். ஆகவே தனி ஆண்டு வயதுப் படத்தில் அவ்வயதுகளில் உயர்ந்த தூண்களும் அவற்றின் இருபுறமும் பள்ளங்களும் காணப்படும். இது மக்கள்தொகை ஆய்வாளர் நன்கறிந்த உண்மை. பிறப்புப் பதிவும் எழுத்தறிவும் எவ்வளவு பரவியுள்ளன என்பதற்கு இப்பள்ளங்களே ஓர் அளவுகோல். கருவியின் குறையால் உண்டான வெற்றிடங்கள் இவற்றோடு கலந்துவிட்டால், எது மக்களின் இயல்பு, எது கணினியின் பிழை என்று பிரித்தறிவது கடினமாகும். ஐந்தாண்டுப் பிரிவுகளாகத் தொகுத்துவிட்டாலோ இவ்வுண்மையே மறைந்துபோகும்.

நான்காம் பாடம்: தொகுத்த விவரத்தைப் படமாக்கல்

ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவரிடம் தனித்தனி அளவீடுகள் இருக்கும். அரசு வெளியீடுகளைப் பயன்படுத்துவோரிடமோ பெரும்பாலும் தொகுத்த அட்டவணையே இருக்கும். பிரிவுகளும் அவற்றின் எண்ணிக்கைகளும் மட்டுமே தரப்பட்டிருக்கும். நீண்ட காலமாக நிரலகத்தின் நிகழ்வுச் செவ்வகக் கட்டளை தனி அளவீடுகளையே எதிர்பார்த்தது. அட்டவணை வைத்திருப்போர், எண்ணிக்கைகளை எடைகளாகக் கொடுத்துக் கணினியை மீண்டும் எண்ணவைப்பது போன்ற சுற்றுவழிகளை நாட வேண்டியிருந்தது. துகள் இயற்பியல் ஆய்வாளர்களுக்கும், அளவீடுகளை முன்பே பிரிவுகளாகத் தொகுத்து வைப்பதால், இதே இடர்ப்பாடு இருந்தது.

2021இல் வெளிவந்த மேட்பிளாட்லிப் 3.4 பதிப்பில் ‘ஸ்டேர்ஸ்’ என்னும் புதிய கட்டளை சேர்க்கப்பட்டது. உயரங்களையும் எல்லைகளையும் கொடுத்தால் படிக்கட்டுப் போன்ற வடிவத்தை அது நேரே வரைந்து தருகிறது. நான்கு உயரங்கள் இருப்பின் ஐந்து எல்லைகள் தேவை என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். மேற்கூறிய கைப்பற்றுப் படத்தை வரைய, 68.45, 17.62, 4.78, 0.63 ஆகிய உயரங்களையும், 0, 1, 2, 4, 10 ஆகிய எல்லைகளையும் கொடுத்தால் போதும். அகலத்தால் வகுக்கும் பொறுப்பு மட்டும் வரைபவருடையது. அதைக் கட்டளை தானாகச் செய்வதில்லை.

பங்களிக்கும் முறை

இத்திருத்தங்கள் யாவும் கருவியைப் பயன்படுத்தும்போது குறையை உணர்ந்தவர்கள் முன்வந்ததால் நேர்ந்தவை. மல்லேஸ்வரத்தில் ஓர் அறையில் அமர்ந்திருக்கும் மாணவரும், இராமநாதபுரத்தில் பணியாற்றும் புள்ளியியல் அலுவலரும் அதே வழியில் பங்களிக்கலாம். அதற்கான படிகள் பின்வருமாறு.

முதலாவதாக, குறையைச் சுருக்கிக் காட்ட வேண்டும். தம் அலுவலகக் கோப்பு முழுவதையும் அனுப்புவது பயன்தராது. அந்தரங்க விவரங்கள் வெளியாகும் அபாயமும் உண்டு. மேலே இருபது குடும்பங்களைக் கொண்டு காட்டியது போல, நான்கைந்து எண்களில் குறையை வெளிப்படுத்தும் மிகச் சிறிய எடுத்துக்காட்டை அமைக்க வேண்டும். எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன, எப்பதிப்பு என்னும் மூன்றையும் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவதாக, அதே குறையை முன்பே யாரேனும் தெரிவித்துள்ளனரா என்று தேட வேண்டும். இந்நிரலகங்களின் மூல நிரலும் பிழைக் குறிப்புகளும் கிட்ஹப் தளத்தில் யாவரும் காணும்படி உள்ளன. பழைய குறிப்புகளைப் படிப்பதே ஒரு கல்வி. குறை என்று நாம் எண்ணியது, எல்லை பற்றிய விதியைப் போல, முன்பே ஆலோசித்து வகுத்த முடிவாகவும் இருக்கலாம்.

மூன்றாவதாக, மூல நிரலின் படி ஒன்றைத் தம் கணினியில் எடுத்துக்கொண்டு திருத்தத்தைச் செய்து, அதனோடு ஒரு சோதனை நிரலையும் எழுத வேண்டும். திருத்தத்திற்கு முன் தோற்று, பின் வெற்றி பெறும் சோதனையே நல்ல சோதனை. மேட்பிளாட்லிப்பில், வரையப்பட்ட படத்தைச் சேமித்து வைத்த மாதிரிப் படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளும் உள்ளன. பிற்காலத்தில் வேறொருவர் செய்யும் மாற்றம் இத்திருத்தத்தைக் கெடுத்துவிடாமல் இச்சோதனைகள் காவலாக நிற்கும்.

நான்காவதாக, திருத்தத்தை இணைக்குமாறு கோரிக்கை அனுப்ப வேண்டும். மேட்பிளாட்லிப்பின் நெறிமுறைப்படி, நிரல் மாற்றங்களை மூத்த உறுப்பினர் இருவர் சீராய்ந்து ஏற்க வேண்டும். அவர்கள் கேள்வி கேட்பார்கள், மாற்றியெழுதச் சொல்வார்கள். இதனைக் குறைகூறலாகக் கொள்ளாது பாடமாகக் கொள்ளும் மாணவர், வகுப்பறையில் பெறுதற்கரிய பயிற்சியைப் பெறுகிறார்.

நிரல் எழுதத் தெரியாதவர்க்கும் இதில் இடமுண்டு. விளக்க ஆவணங்களில் தெளிவற்ற வாக்கியத்தைத் திருத்துவதும் சமமற்ற பிரிவுகளுக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சேர்ப்பதும் மதிக்கத்தக்க பங்களிப்புகளே. கைப்பற்று அட்டவணையை வைத்து ஆண்டு முழுவதும் பணிபுரியும் அலுவலருக்குச் சமமற்ற பிரிவுகளின் இடர் தெரிந்த அளவுக்கு, நிரல் மட்டும் எழுதுவோர் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தியாவின் பங்கு

பயன்படுத்துவதோடு நில்லாமல் கருவிகளை உருவாக்குவதிலும் இந்தியர் ஈடுபட்டு வந்துள்ளனர். ஆர் மொழியில் பெரிதும் பயன்படும் லேட்டிஸ் என்னும் வரைபட நிரலகத்தை எழுதியவர், தில்லியிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பேராசிரியர் தீபாயன் சர்க்கார். பைத்தான் மொழியில் முப்பரிமாணப் படங்களை வரைய உதவும் மாயாவியை உருவாக்கிய பிரபு ராமச்சந்திரன், சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப்பட்டம் பெற்று, பம்பாய் ஐ.ஐ.டி.யில் விண்வெளிப் பொறியியல் பேராசிரியரானவர். கல்வியில் திறந்தமூல மென்பொருளைப் பரப்பும் ஃபாஸி திட்டம், மைய அரசின் நிதியுதவியுடன் பம்பாய் ஐ.ஐ.டி.யில் செயல்படுத்தப்பட்டது.

அரசின் கொள்கையும் இத்திசையிலேயே அமைந்துள்ளது. அரசுத் துறைகளின் விவரங்களைப் பொதுமக்களுக்குத் திறந்தளிக்கும் தேசியக் கொள்கை 2012இல் வகுக்கப்பட்டது. அரசு அலுவலகங்களில் திறந்தமூல மென்பொருளைக் கைக்கொள்வது பற்றிய கொள்கையை மைய அரசு 2015இல் வெளியிட்டது. விவரமும் பொது, கருவியும் பொது என்னும் நிலையில், கருவியைச் சரியாக வைத்திருக்கும் கடமையும் பொதுவாகிறது. ஏரியின் நீரைப் பயன்படுத்தும் ஊரார் அதன் கரையையும் தாமே பேணிய குடிமராமத்து மரபு தமிழர்க்குத் தெரிந்ததே.

ஒரு நாட்டின் ஏழை உழவர் எத்தனை பேர் என்பதைக் காட்டும் படம் சரியாக இருக்க வேண்டுமானால், அதை வரையும் ஒரு வரிக் கட்டளை சரியாக இருக்க வேண்டும். அது தவறாக இருந்தபோது எச்சரித்தவர்கள், தம் படத்தை ஒருமுறை கையால் கணக்கிட்டுச் சரிபார்த்தவர்களே. மாணவர்களும் அலுவலர்களும் அப்பழக்கத்தை மேற்கொள்வது இன்றைய தேவையாகும்.

பயிற்சி

1. மேற்கண்ட 20 குடும்பங்களின் விவரத்தை 0, 3, 6 ஆகிய எல்லைகளுடன் இரு பிரிவுகளாக்குக. இட எல்லையைச் சேர்க்கும் விதிப்படியும், வல எல்லையைச் சேர்க்கும் விதிப்படியும் எண்ணிக்கைகள் யாவை? (விடை: 4, 16, 8, 12.)

2. 4 முதல் 10 ஹெக்டேர் வரையுள்ள பிரிவின் செவ்வகத்தை 0.63 உயரத்தில் வரைந்தால் அதன் பரப்பு எவ்வளவு? அது எதைக் குறிக்கிறது? (விடை: ஏறத்தாழ 3.8, அப்பிரிவிலுள்ள கைப்பற்றுகளின் விழுக்காடு.)

3. தம் அலுவலகத்திலோ கல்லூரியிலோ அண்மையில் வெளியிடப்பட்ட ஒரு நிகழ்வுச் செவ்வகப்படத்தை எடுத்து, அதன் பிரிவுகள் சமமானவையா, எல்லை விதி கூறப்பட்டுள்ளதா, உயரம் எண்ணிக்கையா அடர்த்தியா என்பவற்றை ஆராய்ந்து எழுதுக.